பகார் அட்டைக்கட்டு: ஒரே வினைக்கு எண்பது அட்டை

பெரம்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையிலும், ராயபுரத்தில் ஒன்றிரண்டு ஸ்டேஷனரி கடைகளிலும் 240 ரூபாய்க்கு ஓர் அட்டைக்கட்டு விற்கிறார்கள். 80 அட்டை, அவற்றைக் கோக்க ஓர் இரும்பு வளையம், நாலாக மடித்த ஒரு தாள். 80 அட்டையும் ஒரே வினைச்சொல்லுக்கு: ஸ்பானிஷ் மொழியின் 'பகார்'. பணம் கட்டுவது, காசு கொடுப்பது, கடன் அடைப்பது எல்லாவற்றுக்கும் அங்கே இந்த ஒரு சொல்தான். சொகுசுக் கப்பலில் கிச்சன், ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பிள்ளைகளும், பாரிமுனையில் ஏற்றுமதி ஆபீஸ்களில் இருப்பவர்களும் இதை வாங்குகிறார்கள். வாங்கலாம், விலைக்குத் தகுந்த சரக்குதான். ஆனால் பிரித்த கையோடு படிக்க உட்காரக் கூடாது. முதலில் ஒரு பேனாவை எடுத்து சில அட்டைகளைத் திருத்த வேண்டும். திருத்தாமல் படித்தால் தப்பாகவே மனப்பாடம் ஆகும். அதை அழிக்க அப்புறம் இரட்டை வேலை.

கட்டுக்குள் இருப்பது இதுதான்: ஸ்பானிஷ் வடிவங்களுக்கு 49 அட்டை, 'இடோ' மொழி வடிவங்களுக்கு 14, வாக்கியங்களுக்கு 15, வெற்று அட்டை 2. இடோ எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அது யாருக்கும் தாய்மொழியாக உருவானதல்ல, திட்டமிட்டுச் செய்த மொழி. சாமென்ஹோஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியைச் சீர்திருத்தி, 1907இல் பாரிஸில் கூடிய குழுவின் வழியாக வந்தது. லூயி கூத்யுரா, லூயி த போஃப்ரோன் இருவரும் அதில் முக்கியமானவர்கள். எஸ்பெராந்தோவில் 'இடோ' என்றால் வழித்தோன்றல். எஸ்பெராந்தோ 'பாகி' என்று வைத்திருந்த வினையை இடோ 'பகார்' ஆக்கியது. ஸ்பானிஷ் சொல்லும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு, அதே பொருள். இடோவில் விதிவிலக்கு கிடையாது என்பதால், முதலில் அதைப் படித்துவிட்டு ஸ்பானிஷுக்குத் தாவலாம் என்பது இந்தக் கட்டைச் செய்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி.

இரண்டு மொழியிலும் சொல்லுக்கு மூலம் லத்தீன் 'பாகாரே'. அங்கே அதற்குப் பொருள் பணம் கட்டுவதல்ல, சமாதானப்படுத்துவது. அமைதியைக் குறிக்கும் 'பாக்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்த ஒரே வழி காசை வைப்பதுதான் என்பதால், காலப்போக்கில் பொருள் காசுக்கு நகர்ந்துவிட்டது. அதே லத்தீன் வினை பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் 'பே' ஆனது. ஆகவே காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு "ஜிபே பண்ணிட்டேன்ண்ணா" என்று சொல்லும்போதே இந்த வினையின் தங்கச்சி வாயில் வந்துவிடுகிறாள். மடித்த தாளில் இந்தச் சங்கதியை நாலே வரியில் நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள். கட்டிலேயே சிறந்த பகுதி அதுதான்.

பிழை தொடங்குவது தமிழ் எழுத்துப்பெயர்ப்பில். ஒவ்வொரு அட்டையிலும் அயல்மொழி வடிவத்துக்குக் கீழே அதைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதில் அழுத்தம் எங்கே விழுகிறது என்ற கவலையே இல்லை. ஸ்பானிஷில் அழுத்தம் இடம் மாறினால் ஆளும் மாறும், காலமும் மாறும். 'நான் கட்டுகிறேன்' ஒன்று, 'அவர் கட்டினார்' இன்னொன்று. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி உயிரின் தலையில் இருக்கும் ஒரு சின்னக் கோடு மட்டும். அட்டையில் இரண்டுக்கும் 'பகோ' என்றே போட்டிருக்கிறார்கள். பில் யார் கட்டினார் என்பதே தலைகீழாகிவிடும்.

தமிழ் எழுத்து இதற்குப் போதாது என்று நினைக்க வேண்டாம். குறிலும் நெடிலும் நம்மிடம் இருக்கின்றன. அழுத்தம் விழும் அசைக்கு நெடில், மற்ற எல்லா அசைக்கும் குறில் என்று ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். நான் கட்டுகிறேன்: பாகொ. அவர் கட்டினார்: பகோ. அவர் கட்டுவார்: பகரா. அவர் கட்டியிருந்தால் என்று நிபந்தனையில் வருவது: பகார. சொல்லின் கடைசியில் ஒகரக் குறில் பார்க்க விநோதமாக இருக்கும், தமிழில் அப்படி முடியாது. பரவாயில்லை, இது பயிற்சிக்கான எழுத்து. ஒரு எச்சரிக்கை: நெடில் என்பதற்காக 'பா'வை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கொஞ்சம் ஓங்கிச் சொன்னால் போதும், நீளம் தானாக வரும். இந்தக் கட்டுரையில் எல்லா வடிவமும் இந்த விதிப்படிதான். 49 அட்டையையும் இப்படித் திருத்த அரை மணி நேரம் ஆகும், அந்த வேலையே முதல் பாடம்.

ஒலியைப் பொறுத்தவரை தமிழ் வாய்க்கு இந்த வினை கச்சிதமாகப் பொருந்துகிறது. மடித்த தாளில் இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. ஸ்பானிஷில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் 'க' ஒலி ஆங்கிலத்து கோல், கேம் போல அழுத்தமானதல்ல. தொண்டையில் உரசி மெல்ல வழுக்கும். நாம் 'பகல்', 'அகலம்' சொல்லும்போது நடுவில் வருகிறதே, அதேதான். சென்னையில் சிலர் 'மகன்' என்பதை ஹகரம் கேட்கும்படி சொல்வார்கள், அந்த அளவுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொண்டால் சரி. தொடக்கத்துப் பகரம் காற்றை ஊதாமல் வர வேண்டும், அது நமக்குப் பிறவியிலேயே உண்டு. கடைசி ரகரம் நுனிநாக்கு ஒரு தட்டு, அதுவும் நம் ரகரமே. 'கட்டப்பட்டது' என்ற பொருளில் வரும் 'பகாதொ'வில் உள்ள தகரம் 'பாதை'யில் வரும் அதே மெல்லிய தகரம். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் மாதக்கணக்கில் மல்லாடும் நாலு ஒலி இது. அட்டையைத் தமிழில் அச்சிட்டவர்கள் இந்த அனுகூலத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பழந்தமிழில் 'பகர்தல்' என்றால் கூறுவது மட்டுமல்ல, விற்பதும்தான். பகர் என்று எழுதினால் விற்பவர் பக்கம், பகார் என்று எழுதினால் வாங்கிக் காசு கட்டுபவர் பக்கம். இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, ஞாபகத்துக்கு மட்டும் உதவும்.

அடுத்தது ஒன்பது அட்டையில் இருக்கும் பிழை. இதுதான் கட்டிலேயே மோசமானது. 'நான் கட்டினேன்' என்பதற்கு ஸ்பானிஷில் ஜி, யு, இ என்று மூன்று எழுத்து வரிசையாக வரும். அட்டையில் 'பகுவே' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தப்பு. சரியான உச்சரிப்பு 'பகே'. அந்த யு வாயில் வராது. ஏன் எழுதுகிறார்கள் என்றால், ஸ்பானிஷில் ஜிக்குப் பின்னால் நேரே இ வந்தால் அது ககர ஒலியை விட்டுவிட்டுத் தொண்டையில் கரகரக்கும் ஹகரமாகிவிடும். ககரத்தைக் காப்பாற்றத்தான் நடுவில் யு காவலுக்கு நிற்கிறது. ஒரே 'க' சொல்லின் தொடக்கத்தில் ஒரு ஒலி, நடுவில் ஒரு ஒலி, மெல்லினத்துக்குப் பின்னால் வேறு ஒலி என்று படித்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமே அல்ல. திருத்த வேண்டியவை: இறந்தகாலத் தன்மை ஒருமை ஒன்று, 'கட்டட்டும்' வகை வடிவங்கள் ஆறு (பாகெ, பாகெஸ், பாகெ, பகேமொஸ், பகேய்ஸ், பாகென்), ஏவலில் 'பாகெ', 'பாகென்' இரண்டு. ஒன்பதிலும் 'குவெ', 'குவே'யை அடித்துவிட்டு 'கெ', 'கே' எழுதுங்கள். இடோவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அந்த எழுத்து எப்போதும் ககரம்தான், காவலாள் தேவையில்லை.

மெல்லினத்துக்குப் பின்னால் வரும் தகரத்திலும் கவனம் வேண்டும். 'கட்டிக்கொண்டு' என்பதற்கு ஸ்பானிஷில் 'பகாந்தொ', அதை 'பந்து' சொல்வதுபோலச் சொன்னால் சரியாக இருக்கும். பில்லுக்கு உள்ள சொல்லையும் அட்டையில் 'குவேந்தா' என்று போட்டிருக்கிறார்கள். அங்கே வருவது வல்லொலித் தகரம், 'பந்து'வின் தகரம் அல்ல. தமிழ்க் கண் இரண்டையும் ஒரே மாதிரி படிக்கும். 'குவேன்-த' என்று நடுவில் கோடு போட்டு எழுதிக்கொண்டு, கோட்டில் ஒரு நொடி நின்று சொல்லிப் பாருங்கள். இடோவின் 'கட்டுகிற' என்ற எச்சத்திலும் இதே வல்லொலி என்பதால் அதையும் 'பகான்-த' என்று பிரித்து எழுத வேண்டும்.

இடோ அட்டைகள் பதினாலும் சுத்தமாக இருக்கின்றன. நிகழ்காலம் பாகஸ், இறந்தகாலம் பாகிஸ், எதிர்காலம் பாகொஸ், நிபந்தனை பாகுஸ், ஏவல் பாகெஃஸ். நான், நீ, அவள், நாங்கள் யாராக இருந்தாலும் இவ்வளவுதான். வினையின் பெயர் வடிவத்துக்கும் மூன்று காலம் உண்டு: கட்டுவது பகார், கட்டிமுடித்தது பகீர், கட்டப்போவது பகோர். 'பகீர்' யாருக்கும் மறக்காது. அ என்றால் இப்போது, இ என்றால் முடிந்தது, ஒ என்றால் இனிமேல் என்ற இந்த ஒழுங்கு எச்சங்களிலும் அப்படியே வரும்: கட்டப்படுகிற பகாத்த, கட்டப்பட்ட பகீத்த, கட்டப்படவிருக்கிற பகோத்த. காலம் என்பது வினைக்குள் ஓர் எழுத்தாக உட்காரும் என்பதை ஒரே பார்வையில் காட்ட இதைவிடச் சுலபமான படம் கிடையாது. கட்டில் இல்லாத இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 'பகேந்த' என்றால் கட்டியே தீர வேண்டியது. கரண்ட் பில்லை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இடோவில் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இடோவில் 'மெ பாகஸ்' என்றால் நான் கட்டுகிறேன். ஸ்பானிஷில் 'பாகஸ்' என்றால் நீ கட்டுகிறாய், அது மட்டும்தான். பதினாலு அட்டையையும் ஒரு வாரம் உருப்போட்டவர்கள் ஸ்பானிஷில் 'நான் கட்டுகிறாய்' என்ற மாதிரி பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இன்னொரு கண்ணி 'பாகொஸ்'. இடோவில் கட்டுவேன், கட்டுவார்கள் எல்லாம் அதுதான். ஸ்பானிஷில் அது வினையே அல்ல, 'கட்டணங்கள்' என்ற பன்மைப் பெயர்ச்சொல். கணக்குப் புத்தகத்தில் பத்தித் தலைப்பாக வரும். கட்டைச் செய்தவர்கள் இரண்டு மொழி அட்டையையும் ஒரே நீல நிறத்தில் அடித்து, ஒரே வளையத்தில் கோத்திருப்பதால் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். வாங்கியதும் இடோ அட்டைகளைப் பிரித்துத் தனி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் ராத்திரி அதை டப்பாவில் போட்டு மூடிவிடலாம்.

மூன்றாம் நாளிலிருந்து கைகொடுப்பது தமிழ்தான். கட்டைச் செய்தவர்களோடு எங்கள் முக்கியமான கருத்து வேறுபாடு இங்கே. ஐரோப்பிய மொழிக்காரருக்கு ஆறு ஆளுக்கு ஆறு விகுதி என்பது சுமையாக இருக்கலாம், அவருக்கு இடோ இளைப்பாற இடம் தரும். தமிழருக்கு விகுதி பாலபாடம். கட்டு, கிற், ஏன்: பகுதி, காலம், ஆள். ஸ்பானிஷும் அதே வரிசை. 'பகாபமொஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். 'பக்' பகுதி, 'ஆப' காலம், 'மொஸ்' ஆள். நம் 'ஓம்' விகுதி இருக்கும் இடத்தில் அவர்களுக்கு 'மொஸ்'. 'கட்டுகிறேன்' என்றாலே நான் என்பது தெரியும், 'நான்' சொல்லத் தேவையில்லை. 'பாகொ'வும் அப்படியே. அட்டையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் முன்னால் நான், நீ என்ற பிரதிப்பெயரை அச்சிட்டிருக்கிறார்கள். அதையும் சேர்த்துப் பேசினால் 'வேற யாரும் இல்ல, நான்தான் கட்டுறேன்' என்று அடம்பிடிக்கிற தொனி வந்துவிடும். பேனாவால் அடித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் தமிழில் இருப்பது அங்கே இல்லை. நாமும் நாங்களும் ஸ்பானிஷில் ஒன்றே. ஹோட்டலில் 'பகாமொஸ்' என்று சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவரும் சேர்த்தியா இல்லையா என்பது சொல்லில் தெரியாது. போதாக்குறைக்கு அதே வடிவம் 'கட்டினோம்' என்றும் பொருள்படும். நேற்று, இன்று என்று ஒரு சொல் சேர்த்தால்தான் தெளிவு.

பின்பக்கத் தமிழ் உரைநடை சரியில்லை. எல்லா அட்டையிலும் 'செலுத்து' என்றே இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு யாரும் பணத்தைச் 'செலுத்துவது' கிடையாது. ஃபீஸ் கட்டுகிறோம், கடைக்காரருக்குக் காசு கொடுக்கிறோம், கடனை அடைக்கிறோம். மூன்றுக்கும் அங்கே பகார்தான் என்று ஒரே அட்டையில் சொல்லியிருந்தால் சொல் நாக்கில் ஒட்டும். அதைவிடப் பெரிய தவறு, இரண்டு இறந்தகாலத்துக்கும் 'செலுத்தினேன்' என்றே போட்டது. 'பகே' என்றால் கட்டிட்டேன், வேலை முடிந்தது. 'பகாப' என்றால் அப்போதெல்லாம் மாசாமாசம் கட்டிக்கிட்டு இருந்தேன். வாடகை பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதே இந்த இரண்டுக்கும் உள்ள தூரம். பின்பக்கத்தில் இந்தப் பேச்சு வழக்கை அப்படியே எழுதிவிடுங்கள்.

எதிர்கால ஆறு அட்டைக்கு ஒரு சூத்திரம் உண்டு, கட்டில் சொல்லவில்லை. முழு வினையான 'பகார்' முடிந்த இடத்தில் ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன் என்று ஒட்டினால் போதும்: பகரே, பகராஸ், பகரா, பகரேமொஸ், பகரேய்ஸ், பகரான். ஒட்டுவது வேறெதுவும் அல்ல, 'உடையேன்', அதாவது 'என்னிடம் இருக்கிறது' என்ற பொருள் தரும் துணைவினையின் நிகழ்காலம். கட்ட உடையேன் என்று லத்தீன் பேச்சு வழக்கில் சொன்னது இறுகிப்போய் எதிர்காலம் ஆயிற்று. 'பகரே'வுக்கு இன்னொரு பிழைப்பும் இருக்கிறது. அது பெயர்ச்சொல்லாக வந்தால் புரோநோட்டு. 'கட்டுவேன்' என்ற ஒரு சொல்லே பத்திரத்துக்குப் பேராகிவிட்டது. ஏற்றுமதி ஆபீஸில் இருப்பவர்கள் இந்த அட்டையை முதல் வாரமே எடுத்துக்கொள்ளலாம்.

'நீங்கள் எல்லாரும்' என்ற நெருக்கமான பன்மைக்கு உள்ள அட்டைகள் (பகாய்ஸ், பகாஸ்தெய்ஸ் வகை) ஸ்பெயின் நாட்டுக்கு மட்டும் தேவை. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்தில் படர்க்கைப் பன்மையே வரும். கப்பலில் மெக்சிகோ, கொலம்பியா ஆட்களோடு வேலை என்றால் அவற்றை ஒதுக்கிவிடலாம், மனப்பாடம் கணிசமாகக் குறையும். மரியாதை விஷயத்திலும் கவனம் தேவை. வாடிக்கையாளரிடம் 'பாக' என்று ஏவினால் 'கட்டு' என்று ஒருமையில் சொன்னதாகும். 'கட்டுங்க' என்பதற்குப் 'பாகெ'. வாக்கிய அட்டைகளில் கடைக் காட்சி இரண்டில் ஒருமையைப் போட்டிருக்கிறார்கள். அதை மாற்றாமல் வேலைக்குப் போனால் விருந்தாளி முகம் சுளிப்பார்.

வாக்கிய அட்டைகளில் மிச்சம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ரொக்கமாக, கார்டில், தவணையில், பாதிப்பாதியாகக் கட்டுவது நாலும் உண்டு. 'பில்லுக்குக் கட்டுகிறேன்' என்று ஓர் அட்டையில் 'போர்' என்ற முன்னிடைச்சொல்லை நுழைத்தது ஆங்கில வாடை. பில்லை நேரே கட்டுவதுதான் முறை: பாகொ ல குவேன்-த. விலைக்கு ஈடாக ஒரு பொருளைச் சொல்லும்போதுதான் 'போர்' வரும், 'மேச'க்காக நூறு கொடுத்தேன் என்பது போல. ('மேச' நமக்குப் போர்த்துக்கீசியர் தந்த மேசைதான். அந்த மொழியிலும் இந்த வினை பகார்தான்.) பணம் பெறுபவருக்கு முன்னால் 'அ' போடுவதைத் தமிழர் மறப்பதில்லை, நம் குவ்வுருபு அந்த வேலையைச் செய்கிறது.

பொருளாகப் பார்த்தால் அட்டை கெட்டியாக இருக்கிறது, மூலை மடங்கவில்லை. மை வியர்வையில் கரையவில்லை. இரும்பு வளையம்தான் உதவாது. ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கடல் காற்றில் ஒரு மாதத்துக்குள் துரு பிடித்து, துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை விடுகிறது. பிளாஸ்டிக் வளையத்துக்கு மாற்றுங்கள், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சில்லறையாகவே கிடைக்கும். லேமினேட் செய்ய வேண்டாம், செய்துவிட்டால் பேனாவால் திருத்த முடியாது.

ஒரு நாளைக்கு ஏழு அட்டைக்கு மேல் எடுக்காமல், முந்தின நாள் ஏழையும் சேர்த்துப் புரட்டினால் ஸ்பானிஷ் 49க்கும் ஒரு வாரம். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஸ்பானிஷைச் சொல்ல வேண்டும். மறுபக்கமாகப் படித்தால் புரியும், வாயில் வராது.

கடைசியாக அந்த இரண்டு வெற்று அட்டை. கட்டில் காசு கொடுப்பவர் மட்டும் இருக்கிறார், வாங்குபவர் இல்லை. வசூலிப்பதற்கு உள்ள வினை 'கொப்ரார்', அதுவும் லத்தீனில் இருந்து வந்ததே. ஒரு வெற்று அட்டையில் அதை எழுதுங்கள். மற்றதில் 'மெ கோப்ர?' என்று எழுதி, பின்பக்கம் "பில் போட்டுக்கிறீங்களா?" என்று போடுங்கள். ஸ்பெயினில் டீக்கடை மேசையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும் முன் சொல்வது அதைத்தான், 'பகார்' என்ற சொல் அங்கே வாயிலேயே வராது.